உப்புக் காத்துல ப்ராசஸர் அப்கிரேடு: யாருக்கு லாபம்?

"கேம் லேக் ஆகுதா? ப்ராசஸரை மாத்து!"

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எந்த மாணவனும் இந்த மந்திரத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பான். கிளாஸ்மேட் சொல்வான், கடைக்காரர் சொல்வார், யூடியூபில் ஒருவர் ஏசி ரூமில் கலர் கலர் லைட்டுக்கு நடுவே உட்கார்ந்து சொல்வார். சென்னை ரிச்சி தெருவில் போய் நின்றால் வாயைத் திறப்பதற்கு முன்பே "ஐ5 போடலாமா, ரைசன் போடலாமா?" என்று கேட்டுவிடுவார்கள். "எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் நஷ்டம் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. அண்ணா நகர் மாடி வீட்டுப் பையனுக்குப் போவது ஒரு மாத பாக்கெட் மணி. மரக்காணம் உப்பளக் கரையில் இருக்கும் வீட்டுக்குப் போவது ஒரு மழைக்காலச் சாப்பாடு. அதனால்தான் இந்தச் சண்டை.

சொல்ல வரும் விஷயம் இதுதான்: மரக்காணம் மாதிரியான கடற்கரை ஊரில், கேம் சரியாக ஓடவில்லை என்றால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள் ப்ராசஸர். முதலில் சந்தேகப்பட வேண்டியவை உப்பு, சூடு, கரண்ட், மெமரி, கிராபிக்ஸ் கார்டு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிச் சொல்லிக் கொடுப்பவர்கள் அறியாமையில் சொன்னாலும் சரி, வியாபாரத்துக்காகச் சொன்னாலும் சரி, பணம் போவது ஒரே வீட்டில் இருந்துதான்.

முதலில் "சிபியு" குழப்பம்

தமிழ்நாட்டில் "சிபியு" என்றால் என்ன? புத்தகப்படி ப்ராசஸர். வழக்கில்? மானிட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் மொத்தப் பெட்டி! "சிபியுவ தூக்கிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்று மெக்கானிக் சொன்னால் யாரும் ப்ராசஸரைக் கழட்டி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவதில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் குழப்பம் கடைக்காரருக்கு வசதி. "உன் சிபியு பழசு, அதான் ஸ்லோ" என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார்? ப்ராசஸரையா, மதர்போர்டையா, மொத்தப் பெட்டியையா? ப்ராசஸர் மாற்றுவதற்கு என்று கடைக்குள் போனவன் ப்ராசஸர், மதர்போர்டு, ராம் மூன்றுக்கும் பில் கட்டிவிட்டு வெளியே வருவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். இன்னொரு காரணம் சாக்கெட். அது பெரிய கதை, கீழே வருகிறது.

உப்பளத்தில் தெரிந்த கணக்கு, கம்ப்யூட்டரில் ஏன் தெரியாமல் போகிறது?

மரக்காணத்தில் வளர்ந்த பையனுக்கு "பாட்டில்நெக்" என்று ஆங்கிலத்தில் பாடம் எடுக்கவே வேண்டாம். உப்பளத்தைக் காட்டினாலே போதும்.

உப்புநீர் நேராக உப்பாவதில்லை. முதலில் பெரிய பெரிய பாத்திகளில் விட்டு வெயிலில் காயவைப்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி (போமே அளவு) அடர்த்தியில் இருக்கும். அது காய்ந்து காய்ந்து 25 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போதுதான் கடைசிப் பாத்திகளுக்குத் திறந்து விடுவார்கள். அங்கேதான் உப்பு படியும், அங்கேதான் வாருவார்கள்.

இப்போது ஒரு கேள்வி. கடைசிப் பாத்திகள் சின்னதாக இருக்கும்போது, முன்னால் இருக்கும் காய்ச்சல் பாத்திகளை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் உப்பு இரண்டு மடங்கு வருமா? வராது. அடர்த்தியான தண்ணீர் இடமில்லாமல் காத்துக் கிடக்கும். இது உப்பளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கேமிலும் நடப்பது இதே. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ப்ராசஸர் முதலில் கணக்குப் போடுகிறது: யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எங்கே போகிறது, சுவர் எங்கே இடிகிறது. கணக்கு முடிந்ததும் "இதை வரை" என்று கிராபிக்ஸ் பக்கம் தள்ளுகிறது. கிராபிக்ஸ் கார்டுதான் கடைசிப் பாத்தி. படம் அங்கேதான் படிகிறது.

பெரும்பாலான மாணவர் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் தனி கிராபிக்ஸ் கார்டே கிடையாது. ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸில்தான் ஜிடிஏ 5 ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கார்டு இருந்தாலும் பத்து வருடத்துக்கு முந்தைய கார்டாக இருக்கும். அதாவது கடைசிப் பாத்தி இத்துனூண்டு. அந்த நிலையில் "ப்ராசஸரை மாத்து" என்பது காய்ச்சல் பாத்தியைப் பெரிதாக்கு என்று சொல்வதற்குச் சமம். உப்பளத்தில் இந்த யோசனையை யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். கடையில் சொன்னால் மட்டும் ஏன் பணம் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். 1080-ல் இருந்து 720-க்கு இறக்கியதும் ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால், தடுத்துக்கொண்டிருந்தது கிராபிக்ஸ். ப்ராசஸர் அப்பாவி! ரெசல்யூஷனைக் குறைத்தும் எண்ணிக்கை அசையவே இல்லை என்றால் அப்போதுதான் ப்ராசஸர் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பியவுடனே மாற்றிவிடவும் கூடாது. அதற்கும் முன்னால் இன்னும் சில வேலை இருக்கிறது.

முதல் வேலை ராம். 8 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறதா, 4 + 4 என்று இரண்டு குச்சியாக இருக்கிறதா? ஒரே குச்சி என்றால் மெமரிக்கு ஒரே பாதைதான். இரண்டு குச்சி சரியான இடத்தில் போட்டால் இரண்டு பாதை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இந்த ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும், ஏனென்றால் உள் கிராபிக்ஸ் அதே ராமைத்தான் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுகிறது. அதோடு பயாஸில் மெமரி வேகம் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 3200 என்று அட்டையில் போட்ட ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஆன் பண்ணாமலேயே அடுத்த வேகம் வாங்கச் சொல்கிறார்கள்!

இன்னொன்று. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுபவர்கள் "லேக்" என்று சொல்வதில் பாதி நெட் பிரச்சினை. ஃப்ரேம் குறைவது வேறு, பிங் ஏறுவது வேறு. சர்வர் மும்பையில் இருக்கிறது, வீட்டு நெட் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது என்றால் உலகத்திலேயே விலை உயர்ந்த ப்ராசஸரைப் போட்டாலும் எதிராளி சுட்ட பிறகுதான் திரையில் தெரிவான்.

இப்போது உப்பு

ஏசி ரூம் யூடியூபர்கள் யாரும் பேசாத பகுதி இது.

வீட்டு உப்பு ஜாடியைக் கவனித்திருப்பீர்கள். மழைக்காலத்தில் தானாகவே தண்ணீர் விடும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது இன்னும் பேராசை பிடித்தது, 33 சதவீத ஈரப்பதத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஊர்களில் விடியற்காலை ஈரப்பதம் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணி சொல்லும்.

அந்த உப்பு காற்றில் நுண்ணிய துளியாக மிதந்து வந்து, ஃபேன் இழுக்கும் காற்றோடு கேபினெட்டுக்குள் போகிறது. தூசியோடு சேர்ந்து ஹீட் சிங்க் இடுக்கில் படிகிறது. கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊரில் ஒரு வீட்டில் சேரும் தூசி காய்ந்த தூசி. ஊதினால் பறக்கும். கடற்கரை ஊரில் சேர்வது ஈரத் தூசி, பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி பூக்கும், செம்பில் பச்சை பூக்கும். ஃபேன் பேரிங் கரகரக்கும்.

விளைவு? சூடு வெளியேறாது. ப்ராசஸர் சுமார் 90, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் தொடங்கிய முதல் பத்து நிமிஷம் அருமையாக ஓடும், அப்புறம் திக்கும். கொஞ்ச நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் திரும்பவும் நன்றாக ஓடும். இந்த அறிகுறி இருந்தால் அது பழைய ப்ராசஸர் இல்லை, மூச்சுத் திணறும் ப்ராசஸர். டெம்பரேச்சர் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த நிலையில் புதிய, இன்னும் அதிக கரண்ட் இழுக்கும் ப்ராசஸரை அதே அடைத்துப்போன ஹீட் சிங்குக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும்? அதுவும் திணறும். பாக்ஸில் "4.4 கிகாஹெர்ட்ஸ்" என்று போட்டிருக்கும், ஓடுவது அதில் பாதி!

தொடர்புப் புள்ளிகள் இன்னொரு தலைவலி. ராம் குச்சியைக் கழட்டி, பொன்னிறக் கால்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து மாட்டும் வித்தையைத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வார்கள். பலர் அதைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் கடற்கரை ஊரில் அது வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது: அந்தப் புள்ளிகளில் மெல்லியதாகப் படிந்த அழுக்கும் துருவும்தான் கம்ப்யூட்டரைக் கிறுக்குப் பிடிக்க வைக்கிறது. திடீரென்று ரீஸ்டார்ட் ஆவது, நீலத் திரை வருவது, பீப் சத்தம் போட்டு நிற்பது எல்லாவற்றுக்கும் "ப்ராசஸர் போயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் பத்து ரூபாய் ரப்பருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாமே!

செய்ய வேண்டியது

1. வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஹீட் சிங்கைக் கழட்டிச் சுத்தம் செய்து, புது தெர்மல் பேஸ்ட் வைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை.

2. சுத்தம் செய்வதில் ஒரு சூட்சுமம். கம்ப்யூட்டர் சுத்தம் செய்ய ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உப்பு சுத்தமான ஆல்கஹாலில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் கழட்டி எடுத்த ஹீட் சிங்கை (ஃபேன் இல்லாமல்!) பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். மதர்போர்டில் உப்பு பூத்திருந்தால் வீட்டில் கைவைக்காமல் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

3. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே கேபினெட்டை வைக்கக் கூடாது. தரையிலும் வைக்கக் கூடாது.

4. மழை மாதங்களில் வாரக்கணக்கில் அணைத்து வைக்கக் கூடாது. ஓடும் கம்ப்யூட்டரின் உள்ளே வெப்பம் இருக்கும், ஈரம் படியாது. தினமும் கொஞ்ச நேரம் ஓட விட்டாலே பாதுகாப்பு. "மழைக்காலம், பத்திரமா மூடி வைப்போம்" என்பது நல்லெண்ணம்தான், ஆனால் தப்பு.

கரண்ட்

2012, 2013 வாக்கில் தமிழ்நாட்டின் கிராமங்களும் சிறு நகரங்களும் பார்த்த மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பவர் கட் அதற்குப் பிறகு குறைந்தது. ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்குவது பல ஊர்களில் ஓயவில்லை. கேபினெட்டோடு சேர்த்து "ஃப்ரீ"யாகக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்-ஐ நம்பிப் புது ப்ராசஸரைப் போடுவது, ஓட்டைத் தோணியில் புது மோட்டார் மாட்டுவது மாதிரி. அட்டையில் 450 வாட்ஸ் என்று எழுதியிருக்கும். உள்ளே எடையே இருக்காது.

எர்த் விஷயமும் அப்படித்தான். உப்பு மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அது ஒரு நன்மை. ஆனால் அதே உப்பு மண்தான் புதைத்த எர்த் பைப்பையும் கம்பியையும் அரிக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட எர்த் இன்னும் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மதர்போர்டு விலையில் சின்னத் துண்டு. கேபினெட்டைத் தொட்டால் "சுர்ர்" என்கிறதா? அப்படியென்றால் முதலில் எர்த். கேம் அப்புறம்.

சாக்கெட் அரசியல்

"சரிப்பா, எல்லாம் செஞ்சாச்சு. ப்ராசஸர்தான் பிரச்சினைன்னு தெரிஞ்சுபோச்சு. ப்ராசஸர் மட்டும் மாத்தலாம்ல?"

மாத்தலாம்... கம்பெனிக்காரன் விட்டால்!

இன்டெல் கணக்கைப் பாருங்கள். 2009-ல் எல்ஜிஏ 1156. 2011-ல் 1155. 2013-ல் 1150. 2015-ல் 1151. 2020-ல் 1200. 2021-ல் 1700. 2024-ல் 1851. ஒவ்வொரு தடவையும் பழைய போர்டு குப்பைக்கு. இதில் உச்சகட்டக் காமெடி 2017. எட்டாம் தலைமுறை ப்ராசஸர் வந்தது. சாக்கெட் அதே 1151. அதே எண்ணிக்கை கால்கள். ஆனாலும் பழைய போர்டில் ஓடாது, புது போர்டு வாங்கு என்றார்கள். மின்விநியோகம்தான் காரணம் என்றார்கள். பிறகு உலகம் முழுக்க ஆர்வலர்கள் பயாஸை மாற்றி எழுதி, சில கால்களுக்கு டேப் ஒட்டி, பழைய போர்டுகளிலேயே அந்த ப்ராசஸர்களை ஓட்டிக் காட்டினார்கள். முடியாது என்று சொன்னது முடிந்தது.

ஏஎம்டி மட்டும் யோக்கியமா? 2020 மே மாதம், அடுத்து வரும் ஜென் 3 ப்ராசஸர்கள் 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டே வாரத்தில் "சரி, ஓடும்" என்று பின்வாங்கினார்கள். 2022-ல் அதைவிடப் பழைய 300 வரிசை போர்டுகளுக்கும் வழிவிட்டார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: தொழில்நுட்பம் இரண்டு வாரத்தில் மாறவில்லை. வாடிக்கையாளன் கத்தியதால் முடிவு மாறியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மைக்ரோசாப்ட் கதை இன்னும் மோசம். விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை, அதற்குப் பிறகு வந்தவை மட்டுமே போதும் என்று கோடு போட்டது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியது. நேற்றுவரை ஓடிய கம்ப்யூட்டர் ஒரே நாளில் "பழசு" ஆகிவிட்டது. ஒரு திருகாணிகூடத் தேயவில்லை! இதே சமயத்தில், 2025 இறுதியில், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் ராம் விலையும் தாறுமாறாக ஏறியது. புது சாக்கெட் என்றால் புது போர்டு, புது போர்டு என்றால் டிடிஆர்5. "ப்ராசஸர் மட்டும்" என்று தொடங்கிய கணக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

விலை அதிகம் என்றால் தரம் உறுதி என்றும் நினைக்க வேண்டாம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர் ரக ப்ராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டுத் தாமே பழுதான விவகாரம் 2024-ல் உலகம் முழுக்க நாறியது. கடைசியில் நிறுவனமே வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. கடன் வாங்கி உச்ச ரகம் வாங்கியவன் கதி என்ன?

"அப்போ ப்ராசஸர் மாத்தவே கூடாதா?"

நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: சில நேரம் மாற்றத்தான் வேண்டும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் மாதிரி கேம்கள் கிராபிக்ஸைவிட ப்ராசஸரை அதிகம் நம்புபவை. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்து, ப்ராசஸர் பழைய நாலு கோர் என்றால், மேலே சொன்ன ரெசல்யூஷன் சோதனை அதைக் காட்டிக் கொடுக்கும். ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் இதில் பாக்கியசாலிகள். 2017-ல் வந்த போர்டிலும், பயாஸ் அப்டேட் கிடைத்தால், ரைசன் 5 5600 உட்காரும். 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி, 2024-ல் வந்த 5700எக்ஸ்3டி கூட உட்காரும். போர்டும் ராமும் அப்படியே இருக்கும். உண்மையான ப்ராசஸர் அப்கிரேடு என்றால் இதுதான்.

அதிலும் ஒரு குழி இருக்கிறது. ரைசன் 5 5600-ல் உள் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் "எஃப்" என்று இருந்தால் அதிலும் கிடையாது. தனி கார்டு இல்லாத வீட்டுக்கு இவற்றை வாங்கிப் போனால் கேம் வேகமாக ஓடாது, திரையே வராது! பயாஸ் அப்டேட்டையும் பழைய ப்ராசஸர் மாட்டியிருக்கும்போதே செய்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே போகலாம். யுபிஎஸ் இல்லாமல் அதில் இறங்கவே கூடாது.

ஆக, கூடாது என்பதல்ல வாதம். சோதித்துப் பார்க்காமல் மாற்றக் கூடாது என்பதுதான் வாதம்.

"கேம் ஆடுறதே தண்டம், அதுக்கு ஒரு கட்டுரையா?"

இந்த வசனத்தோடு ஒரு பெரிசு வந்தே தீரும். அவருக்கும் பதில் சொல்லிவிட வேண்டும்.

நகரத்துப் பையன் ஆடினால் "இ-ஸ்போர்ட்ஸ்", உப்பளத்துப் பையன் ஆடினால் "தண்டம்" என்பது எந்த ஊர் நியாயம்? வெயிலில் கண் கூச, காலில் வெடிப்போடு உப்பு வாருகிற குடும்பத்துப் பிள்ளைக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் விளையாட உரிமை இல்லையா? அதே கம்ப்யூட்டரில்தான் அவன் காலேஜ் ப்ராஜெக்ட் செய்கிறான், புரோகிராம் எழுதுகிறான், அக்காவுக்கு வேலை விண்ணப்பம் போடுகிறான். கேம் ஓடவில்லை என்று பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் பலர் ராம் எது, ஹீட் சிங்க் எது என்றே கற்றுக்கொண்டார்கள். எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு அக்கறையாகப் படிக்கப்பட்டதில்லை.

எனவே "ஆடாதே" என்பது தீர்வல்ல. "ஏமாறாதே" என்பதுதான் தீர்வு.

பணம் யாருடையது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மரக்காணத்துப் பாத்திகள் தண்ணீரில் மூழ்கும், வேலை நிற்கும். திரும்ப வரப்பு கட்டி, சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உப்பு எடுக்கப் புது வருஷம் பிறந்துவிடும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் நடைமுறைப்படுத்தியது. ஒரு நடுத்தர ப்ராசஸரின் விலை அந்தத் தொகையைச் சுலபமாகத் தாண்டும். போர்டும் ராமும் சேர்ந்தால் அதைப் போலப் பல மடங்கு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்களும் மூழ்கின. அப்படி ஒரு வருஷத்தில், தேவையில்லாமல் மாற்றிய ப்ராசஸருக்கு வட்டி கட்டுவது எப்படி இருக்கும்?

"சிபியு பழசு" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகும் கிளாஸ்மேட்டுக்கு இது தெரியாமல் இருக்கலாம். விற்பவருக்குத் தெரிய வேண்டும். சொல்லிக் கொடுக்கிறேன் என்று சேனல் நடத்துபவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். ப்ராசஸர் விமர்சனம் செய்பவர்கள் 22 டிகிரி ஏசி அறையில் எடுத்த எண்களைக் காட்டுகிறார்கள். 36 டிகிரி வெயிலில், உப்புக் காற்றில், ஆறு மாதம் சுத்தம் செய்யாத ஹீட் சிங்கோடு அதே ப்ராசஸர் எப்படி ஓடுகிறது என்று காட்டுங்களேன்! தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இத்தனை பேர் வாழும் கரைக்கு ஒரு டெஸ்ட்கூடவா தகுதி இல்லை?

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. "பழுதுபார்க்கும் உரிமை"க்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அந்தப் பேச்சு செல்போன், டிராக்டர், ஃப்ரிட்ஜ் என்பதோடு நிற்கிறது. ஒரே சாக்கெட்டை இத்தனை வருஷம் ஆதரிப்போம் என்று போர்டு விற்கும்போதே பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று கேட்டால் என்ன தப்பு? மருந்துக்குக் காலாவதித் தேதி போடுகிறார்கள், பிஸ்கட்டுக்குப் போடுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் மதர்போர்டுக்கு ஏன் போடக் கூடாது?

அதுவரைக்கும் கடையில் யாராவது "ப்ராசஸரை மாத்துங்க தம்பி" என்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள்.

"டெம்பரேச்சர் பார்த்தீங்களா? ராம் எத்தனை குச்சி? ரெசல்யூஷன் குறைச்சா ஃப்ரேம் ஏறுதா?"

மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அப்புறமும் மாற்றச் சொன்னால் அவர் நல்ல கடைக்காரர், தாராளமாக வாங்கலாம். பதில் சொல்லாமல் கேட்லாக்கைத் திருப்பினால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்?

பி.கு: ஹீட் சிங்கைக் கழட்டுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒரு மணி நேரம் கேம் ஆடி முடித்த கையோடு கழட்டவும் கூடாது, விரல் பழுத்துவிடும்!